குடியை விட முயலும் பெண்ணுக்குக் கோயிலும் ஜெபமும் எந்த அளவுக்குத் துணைவரும்?

இலங்கையின் மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வசிக்கும் ஒரு சகோதரி தம் அக்காவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு 36 வயது, கணவர் கத்தாரில் வேலை செய்கிறார், இரண்டு பிள்ளைகள். இரவில் மட்டும் இருந்த குடி இப்போது காலையிலேயே தொடங்கிவிடுகிறது. கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் கிடைக்காத நாளில் கை நடுங்குகிறது, உடல் வியர்க்கிறது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கு நேர்த்தி வைத்து அக்காவை விரதம் பிடிக்கச் செய்யலாம் என்று அம்மா சொல்கிறார். கிறிஸ்தவ சபையொன்றில் சேர்ந்திருக்கும் சித்தி, பெண்களை நாற்பது நாள் தங்கவைத்து உபவாச ஜெபத்தால் குணமாக்கும் ஓர் இல்லத்தைக் காட்டுகிறார். இவற்றில் எது பயன்தரும், கடவுள் நம்பிக்கையால் ஒரு பெண் குடியை விட்டுவிட முடியுமா என்பது கேள்வி.

முடியும், அப்படி விட்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் அக்கா இன்று இருக்கும் நிலையில் கோயிலுக்கும் ஜெப இல்லத்துக்கும் முன்னால் வைத்தியசாலை வர வேண்டும். இந்த வரிசை மாறினால் ஆபத்து என்பதால் அதையே முதலில் விளக்குகிறேன்.

காலையில் கை நடுங்குவதும் வியர்ப்பதும் உடல் மதுவுக்குப் பழகிவிட்டதன் அடையாளங்கள். நீண்ட காலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது, அதுவரை மது அடக்கிவைத்திருந்த நரம்புமண்டலம் கட்டுமீறிக் கிளர்கிறது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இடமும் காலமும் தெரியாத குழப்பம், காய்ச்சல், கடும் படபடப்பு, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணில் தெரிவது எல்லாம் ஒன்றுசேர்ந்து வரும்; சிகிச்சை கிடைக்காவிட்டால் அது உயிரையே கொண்டுபோகக் கூடியது. நம் பகுதியில் இதற்கு ஒரு மேலதிக ஆபத்தும் உண்டு. குடியை நிறுத்திய மூன்றாம் நாள் ஒரு பெண் வெறுஞ்சுவரைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினால், இந்து வீட்டில் செய்வினை அல்லது பேய் என்று பூசாரியை அழைப்பார்கள். ஜெப இல்லத்தில் பிசாசு வெளியேறுகிறது என்று ஜெபத்தை நீட்டுவார்கள். முஸ்லிம் வீட்டில் ஜின் என்று ஓதிப் பார்ப்பார்கள். செய்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த மணித்தியாலங்கள்தான் நோயாளிக்கு வைத்தியம் கிடைத்திருக்க வேண்டியவை.

வைத்தியசாலையில் இதற்குச் செய்வது சிக்கலானதல்ல. டயசிபாம் வகை மருந்தைத் தேவையான அளவில் தொடங்கிச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அதனுடன் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தைக் கொடுப்பார்கள். சோற்றைக் குறைத்துக் குடித்து வந்தவர்களின் உடலில் இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும்; அது மிகவும் குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டு நினைவாற்றல் சிதைந்துவிடும். முதல் இரண்டு கிழமைகளில் உபவாசமும் விரதமும் கூடவே கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். அம்மா நேர்த்தி வைக்க விரும்பினால் தாராளமாக வைக்கட்டும். விரதத்தையும் அம்மாவே பிடிக்கட்டும். அக்கா மூன்று வேளையும் சாப்பிட வேண்டும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களின் ஆதார வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவில் காட்டினாலும் உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை.

மதுவைத் தவிர்ந்த போதைகளுக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகளுக்குப் பழகியவர் அவற்றைத் திடீரென நிறுத்தினால் மதுவைப் போலவே வலிப்பு வரலாம். ஹெரோயினை நிறுத்தும் வேதனை கடுமையானது, ஆயினும் பொதுவாக அதுவே உயிரைப் பறிப்பதில்லை. சில கிழமைகள் விலகியிருந்தபின் பழைய அளவிலேயே மீண்டும் எடுப்பதுதான் கொல்கிறது, ஏனெனில் உடலின் தாங்குதிறன் அதற்குள் குறைந்துவிட்டிருக்கும். கர்ப்பிணி ஹெரோயினை ஒரே நாளில் நிறுத்தினால் கருவுக்கு ஆபத்து. ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமின் போதையை விட்டவர் முதல் நாட்களில் ஓயாமல் தூங்குவார், அதன்பின் கடும் மனச்சோர்வு வரும். தற்கொலை எண்ணம் எழக்கூடிய அந்தக் காலத்தில் அவரைத் தனியே விடக் கூடாது. நம் பெண்களிடம் மிகப் பரவலாக இருக்கும் அடிமைத்தனம் வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலைதான் என்பதையும், அதைப் போதை என்று யாரும் கணக்கெடுப்பதில்லை என்பதையும் போகிறபோக்கில் குறிப்பிட்டுவிடுகிறேன்.

இனி ஆன்மிகம். நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட மீட்பு முறைகளில் உலகில் அதிகம் பரவியது அமெரிக்காவின் அக்ரன் நகரில் 1935இல் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பொப் ஸ்மித் என்ற வைத்தியரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடிநோயாளிகள் பெயரை வெளியிடாமல் கூடிப் பேசும் கூட்டங்கள். இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். ஒக்ஸ்போர்ட் குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் வழக்கங்களிலிருந்து அவர்கள் உருவாக்கிய பன்னிரண்டு படிகள் 1939இல் அச்சில் வந்தன. தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது, தான் புரிந்துகொண்டபடியான கடவுளிடம் தன்னை ஒப்படைப்பது, செய்த தவறுகளைக் கணக்கெடுத்து இன்னொருவரிடம் சொல்வது, இயன்ற இடங்களில் ஈடுசெய்வது, பிறகு வேறொரு குடிநோயாளிக்கு உதவுவது என்று அந்தப் படிகள் நகர்கின்றன. 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பங்கேற்பாளர்களையும் உள்ளடக்கி 2020இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பொன்றின் அறிக்கை), இந்தக் கூட்டங்களோடு நோயாளியை முறையாக இணைக்கும் சிகிச்சை, குடியை முற்றாக விட்டிருப்பதில் பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடிய பலன் தந்தது என்று கண்டது. அந்த ஆய்வுகள் மேலைநாட்டுச் சூழலில் நடந்தவை என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் பலனுக்கான காரணங்களாக ஆய்வாளர்கள் சுட்டுவன நமக்கும் பொருந்துகின்றன: குடிக்காத நண்பர்கள் கிடைக்கிறார்கள், குடிக்கும் வேளையில் போக வேறோர் இடம் இருக்கிறது, தன்னைப்போல் விழுந்து எழுந்த ஒருவரைப் பார்க்கும்போது தன்னாலும் முடியும் என்ற துணிவு வருகிறது.

பெண்கள் விடயத்தில் அந்த முறைக்கு ஒரு மறுப்பும் எழுந்தது. குடியிலிருந்து மீண்ட ஜீன் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970களின் நடுப்பகுதியில் பெண்களுக்கென்றே தனி இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். அகந்தையை விட்டுப் பணிந்துபோ என்ற அறிவுரை, ஏற்கெனவே தன்னைக் கேவலமாக நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மருந்தாகாது என்பது அந்த இயக்கத்தின் நிலைப்பாடு. எங்கள் பக்கத்துப் பெண்களைப் பார்த்துவந்த அளவில் நான் இதை முழுமையாக ஏற்கிறேன். குடிக்கும் ஆணை ஊர் குடிகாரன் என்கிறது. குடிக்கும் பெண்ணின் நடத்தையையே சந்தேகிக்கிறது. நீ பாவி என்று அவளுக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அந்த வசை அவள் காதில் ஏற்கெனவே ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது; அதைக் கேட்காமலிருக்கத்தான் அடுத்த கோப்பையை ஊற்றுகிறாள். ஆகவே மன்னிப்பைப் பற்றிப் பேசும் ஆன்மிகம் பெண்ணுக்கு உதவுகிறது, தண்டனையைப் பற்றி மட்டுமே பேசும் ஆன்மிகம் அவளைக் குடிக்கே திருப்பி அனுப்புகிறது என்பது என் கணிப்பு.

குடி பெண்ணின் உடலில் வேலை செய்யும் விதமும் வேறு. பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு. இரைப்பையில் மதுவைச் சிதைக்கும் நொதியமும் பொதுவாகக் குறைவு. அதனால் அதே அளவைக் குடித்தாலும் இரத்தத்தில் மது கூடுதலாக ஏறுகிறது. முதல் கோப்பையிலிருந்து அடிமைநிலைக்கும் ஈரல் நோய்க்கும் பெண்கள் ஆண்களைவிடக் குறைந்த காலத்தில் வந்துசேர்கிறார்கள். குடிக்கும் முறையும் மறைவானது. பெண்களுக்கு மது விற்பதற்கு இருந்த தடை 2018 ஜனவரியில் நீக்கப்பட்டுச் சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவால் திரும்பவும் வந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் ஊரில் ஒரு பெண் மதுக்கடைக்குப் போய் நிற்கமாட்டாள். புருசன் மிச்சம் வைத்த சாராயமாகவோ, பின்வேலியால் வரும் கசிப்பாகவோதான் குடி அவளிடம் வருகிறது. சந்தியில் விழுந்து கிடக்கும் ஆணை ஊரே காண்கிறது; அடுப்படியில் குடிக்கும் பெண்ணை நோய் முற்றும்வரை எவரும் காண்பதில்லை.

குடியின் கீழே என்ன இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். போரில் காணாமற்போன சகோதரன், 2004 கடல்கோளில் போன பிள்ளை, கைகால் நீட்டும் கணவன், கிழமைதோறும் வாசலுக்கு வரும் நுண்கடன்காரர் என்று எங்கள் மாவட்டத்தில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. ஜெபமோ பூசையோ அந்தத் துயரத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தால் அது மருந்து. அதைப் பேசவிடாமல் ‘ஆண்டவரிடம் ஒப்படை’, ‘அம்மாள் பார்த்துக்கொள்வாள்’ என்று மூடிவைத்தால், மூடிய துயரம் சில மாதங்களில் குடியாகவே திரும்பி வரும். வீட்டில் அடி உதை இருந்தால் அதற்கு அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற தனிப் பிரிவு இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையும் கேட்கலாம். பொறுத்துப் போ என்று ஆலோசனை சொல்லும் மதகுருவை விட்டு விலகிவிடுங்கள், எந்த மதத்தவரானாலும்.

மூன்று சமயத்தவரும் அருகருகே வாழும் இடம் இது; மூன்றிலும் பயன்படக்கூடியவை இருக்கின்றன. நேர்த்திக்கும் விரதத்துக்கும் உள்ள பெரிய பலம், அவை மனவுறுதிக்கு ஒரு சாட்சியையும் ஒரு கால எல்லையையும் கொடுப்பது. கந்தசஷ்டியின் ஆறு நாட்களோ கேதாரகௌரியின் இருபத்தொரு நாட்களோ குடிக்காமலிருந்த பெண், தன்னால் முடிந்தது என்று அறிகிறாள். பலவீனமும் அதே எல்லைதான்: பாறணை செய்து விரதத்தை முடித்த மறுநாள் என்ன செய்வது என்று விரதம் சொல்வதில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு நோன்பிருந்து தீயிலும் இறங்கியவர்கள் அடுத்த கிழமையே குடிக்குத் திரும்பியதும் நடக்கிற கதைதான். எனவே விரதத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அதன்பின் கிழமைக்கொரு கடமையை ஏற்பது நல்லது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மாலை கட்டுவது, அன்னதானச் சமையலில் கைகொடுப்பது, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கோயில் கதவு திறக்கும்போது மற்றப் பெண்களோடு வேலைக்கு நிற்பது போன்றவை அவளை நாலு பேர் எதிர்பார்க்கும் ஆளாக மாற்றுகின்றன. சாமியை நம்புவதைப்போல, சாமி வாசலில் தன்னை எதிர்பார்ப்பவர்கள் இருப்பதும் குடியைத் தள்ளிவைக்கிறது.

கிறிஸ்தவக் கூட்டங்களின் பலம் அவற்றின் தொடர்ச்சி. ஞாயிறு ஆராதனை, நடுக்கிழமையில் வீட்டுக்கூட்டம், வராதவரைத் தேடிப்போகும் வழக்கம் ஆகியவை ஒருவரைக் காணாமற்போக விடுவதில்லை. அங்கே எனக்கு அச்சமூட்டுவது சாட்சி சொல்லும் வழக்கம். ஒலிபெருக்கியில் தன் குடிப்பழக்கத்தை விவரிக்கும் ஆண் கைதட்டல் பெறுகிறான். அதையே ஒரு தாய் சொன்னால் மறுநாள் அவள் மகள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்கிறாள். தன் கதையை எங்கே, யாரிடம் சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். கத்தோலிக்கர்களின் பாவசங்கீர்த்தனத்தில் இரகசியம் காக்கப்படுவது இந்த விதத்தில் பெண்களுக்குப் பாதுகாப்பானது. இஸ்லாத்திலும் தவ்பா எனும் பாவமன்னிப்பு வேண்டல் அடியாருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. தன் பாவத்தைத் தானே வெளிப்படுத்தித் திரிவதை மார்க்கம் விரும்புவதில்லை. காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ மாத்திரைப் பழக்கத்தில் சிக்கிய பெண்ணுக்கு இந்தப் போதனை பெரிய ஆறுதல். மதுவிலக்கே குர்ஆனில் ஒரே நாளில் வராமல் படிப்படியாக வந்ததையும், நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதையும் அவளுக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒரு முதிய பெண் உடனிருந்தால் இன்னும் நல்லது.

பெண்களுக்கென்று வகுக்கும் எந்த ஆன்மிக ஒழுங்கிலும் ஒரு சிறிய விடயம் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. மாதவிலக்கு நாட்களில் இந்துப் பெண் கோயிலுக்குப் போவதில்லை. முஸ்லிம் பெண்ணுக்குத் தொழுகை இல்லை. கோயிலையும் தொழுகையையும் பிடித்துக்கொண்டு நிற்பவளின் கைப்பிடி மாதந்தோறும் சில நாட்களுக்குத் தளர்கிறது, அந்த நாட்களில் உடலும் மனமும் சோர்ந்திருக்கின்றன. திட்டமிடும்போதே அந்த நாட்களுக்கு வேறொன்றை ஒழுங்குசெய்யுங்கள்: சகோதரியின் வீட்டில் தங்குவது, தொலைபேசியில் ஒருவரோடு கதைப்பது, வீட்டிலிருந்தபடியே தேவாரமோ, இறைவனை நினைந்து ஓதும் திக்ரோ சொல்வது.

சித்தி காட்டும் இல்லத்தைப் பற்றி. அந்த இல்லத்தை நான் அறியேன். ஆனால் எந்த இல்லத்தையும் பார்க்கப்போகும் குடும்பம் சில கேள்விகளைக் கேட்காமல் திரும்பக் கூடாது. வைத்தியர் எழுதிய மருந்தை அங்கே எடுக்க விடுவார்களா? ‘ஆண்டவரை நம்பினால் மாத்திரை எதற்கு’ என்று பதில் வந்தால் அப்போதே எழுந்துவந்துவிடுங்கள். இரவில் பொறுப்பாக இருப்பவர் பெண்ணா, அறை வெளியிலிருந்து பூட்டப்படுகிறதா, பிள்ளைகளோடு பேசத் தொலைபேசி கொடுப்பார்களா, விரும்பிய நாளில் வீடு திரும்பலாமா என்று கேளுங்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை தரும் தனியார் நிலையம் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. இவை எல்லாவற்றையும்விட, தங்கியிருந்து போன பெண் மீண்டும் குடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். விழுந்தவளைத் திரும்ப ஏற்கும் இல்லமா, விசுவாசம் போதவில்லை என்று கதவைச் சாத்தும் இல்லமா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும், ஏனெனில் இந்த நோயில் மறுபடி விழுவது அபூர்வமல்ல. மதம் மாறுவது ஒவ்வொருவரின் உரிமை. ஆயினும் நடுக்கமும் நினைவுத் தடுமாற்றமும் உள்ள நாட்களில் அந்த முடிவை ஒருவரிடம் வாங்குவது முறையல்ல, அதைச் சிகிச்சைக்கு நிபந்தனையாக்குவது அதைவிட மோசம்.

உங்கள் அக்காவுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம் வழக்கப்படி வீடு பெண்ணின் சீதனம். தாயும் சகோதரிகளும் அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருக்கிறார்கள். வைத்தியசாலையில் நிற்கும் நாட்களில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்ற பயம்தான் பல பெண்களைச் சிகிச்சையிலிருந்து தடுக்கிறது. அம்மாவும் நீங்களும் அந்தப் பொறுப்பை வாய்விட்டு ஏற்றுக்கொண்டால் பாதித் தடை நீங்கிவிடும். கத்தாரிலிருந்து வரும் பணத்தைச் சில மாதங்களுக்கு நீங்களும் அக்காவும் சேர்ந்து கையாளலாம். அக்காவுக்குத் தெரியாமல் பறித்து வைப்பது வேண்டாம். கணவருக்கு எப்போது சொல்வது என்பதை, நடுக்கம் தணிந்து தெளிந்தபின் அக்காவே முடிவுசெய்யட்டும். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குடியை மறக்கச் செய்யும் பொடி என்று விற்பதைச் சோற்றில் கலந்து கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட பொடியில் இருக்கக்கூடிய டைசல்பிராம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழுந்து இதயமே பாதிக்கப்படலாம். நோயாளி அறிந்து சம்மதித்தால் மட்டுமே வைத்தியர்கள் அதைக் கொடுப்பார்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமலிருக்கலாம்.

அக்கா வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் உளநல கிளினிக்குக்குப் போய் வைத்தியரோடு கதைத்து வாருங்கள். குடும்பத்தவர் தனியாக ஆலோசனை பெறலாம். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும், போதைப்பொருளானால் 1927க்கும், வீட்டு வன்முறையானால் 1938க்கும் அழைக்கலாம். பிள்ளைகளுக்கு நிறை பார்க்க வரும் குடும்பநல மாதுவிடம் அக்கா மனம்விட்டுப் பேசக்கூடும். அவர் வீட்டுக்கு வருவதை ஊர் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. அதுவரை குடியைத் திடீரென நிறுத்தும்படி அக்காவை வற்புறுத்தாதீர்கள், போத்தலை ஒளித்து வைக்கவும் வேண்டாம். வலிப்பு வந்தாலோ ஆள் குழம்பினாலோ சம்மதத்துக்காகக் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழைத்துக் கொண்டுபோங்கள். அங்கே வெட்கத்தில் காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிடாமல், கடைசியாக எப்போது குடித்தார், நாளொன்றுக்கு எவ்வளவு குடித்தார் என்ற இரண்டையும் முதலில் பார்க்கும் வைத்தியரிடமே சொல்லிவிடுங்கள்.